கண்ணை மூடிக்கொண்டு ஓடலாம்

"கண்ண மூடிக்கொண்டு ஓடலாம், தங்கச்சி"
என்றார் பேரின்பம்
களுவாஞ்சிக்குடிச் சந்தியில்,
குடித்த சோடாப் போத்தலைப் பொனட்டின் மேல் நிறுத்தி.
போத்தல் ஆடவில்லை.
எஞ்சின் அத்தனை அமைதி என்று
இரண்டு காப்பையும் ஒரு சீட்டையும் காசாக்கிக் கொடுத்தேன்.
அப்போது எஞ்சின் ஓடவேயில்லை என்பது
லொறி வீடு வந்து மூன்றாம் நாள்
குளித்துக்கொண்டிருக்கும்போது உறைத்தது.

ஏறாவூரில் உதுமாலெப்பை பாஸின் கராஜ்.
அவர் லொறிக்குக் கீழே, சாக்கில் மல்லாந்து.
நான் பழைய டயர் ஒன்றில் குந்தியபடி
லீசிங் கொம்பனிக் கடித உறையில்
அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.
குரல் மட்டும் வருகிறது.

"எழுதுங்க. டீசல் டேங்கில ஓட்ட. சவக்காரம் அப்பி இரிக்கி."
எழுதினேன்.
"வாசமான சவக்காரம்" என்றார், நியாயமாக.
"ரேடியேட்டர் ஹோசுக்கு சைக்கிள் டியூப். அதுக்கு மேல சாறிக்கர."
என்ன நிறம் என்று கேட்டேன்.
ஏன் கேட்டேன் என்று தெரியாது.
"இப்ப கறுப்பு."
"பியூஸ் இல்ல. அந்த இடத்தில சிகரெட் ஈயத்தாள்."
"இடப்பக்கத்து ஸ்பிரிங் பட்டைக்கு நடுவில
முன்னுக்கு ஒரு செருப்பு, பின்னுக்கு ஒரு செருப்பு.
ரெண்டும் இடக்கால்."

எழுத்து சிறுத்துக்கொண்டே போனது.
உறையின் கண்ணாடித்தாள் சன்னலுக்குள் என் பெயர்,
திருமதி த. சிவரஞ்சிதம்.
அதைச் சுற்றி வளைத்து எழுதினேன்.

பின் குறுக்குச் சட்டத்தில் வெடிப்பு.
வெடிப்புக்கு மேல் புட்டி, புட்டிக்கு மேல் பெயின்ட்,
பெயின்டுக்கு மேல், சிவப்பில் வெள்ளை விளிம்பு கட்டி,
மாமாங்கத்தார் துணை.
பாஸ் சுரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.
"இது சாமிட பேர். சுரண்டவா, உடவா?"
"சுரண்டுங்க."
"நீங்க சொன்னதா இரிக்கட்டும்."
"நான் சொன்னதுதான்."
துணை உதிர்ந்தது.
விரல் நுழையும் வெடிப்பு.

அப்போதுதான் கோல் எடுத்தேன்.
வாழைச்சேனைத் துறையில் விடிய மூன்றரைக்கு
ஐஸ் பெட்டியோடு நிற்க வேண்டியவள் நான்.
வாயில் வைத்திருந்த சொற்களெல்லாம்
அந்த மனுசனின் தகப்பனில் தொடங்கின.
மறுமுனை முந்திக்கொண்டது:
"ஆ, தங்கச்சி! பச்ச வயர மட்டும் வெட்டிப்போடாதீங்க."
கீழே குறடு கடிக்கும் சத்தம்.
ஹோன் பிடித்துக்கொண்டது.

ஏறாவூர் முழுக்கக் கேட்டிருக்கும்.
அசர் பாங்குக்கு அஞ்சு நிமிசம் என்று கத்தியபடி
பாஸ் புழுதியோடு உருண்டு வந்து
பட்டரி வயரைப் பிடுங்கினார்.
அந்த இரைச்சலுக்குள்ளும் பேரின்பம் நிறுத்தவில்லை.
ரெண்டாம் கியர் குதிக்கும், முழங்காலால் அண்டிப் பிடிக்கணும்.
மழையென்றால் கதவு உள்ளிருந்து திறக்காது,
கண்ணாடியை இறக்கி வெளியே கைவிட்டுத் திறக்கணும்.
ஸ்டார்ட்டர் சில நாள் பேசாது,
இறக்கமான இடத்தில்தான் நிப்பாட்டணும்.
"எழுவான்கரையில எங்க இறக்கம்?"
"பாலத்தில நிப்பாட்டுங்க."

ஏச மறந்துபோனேன்.
"செருப்பு ரெண்டும் ஏன் இடக்கால்?" என்றேன்.
கொஞ்சம் யோசித்தார்.
"வலக்கால் மற்றப் பக்கத்தில கிடக்கும். பாருங்க."
பாஸ் ஊர்ந்து போய்ப் பார்த்தார்.
"இரிக்கி" என்றார், தோற்றவர்போல.

டேங்கி மாற்றியாயிற்று. சட்டத்துக்கு வெல்டிங்.
பியூசுக்குப் பியூஸ்.
ஹெட்லைட்டில் ஒன்று அடுத்த மாதம், ஐந்தாம் திகதி கழிய.
செருப்பை மட்டும் பாஸ் கழற்றவில்லை.
நல்ல ரப்பர், புதுசு இதுக்கு வராது என்றார்.
கடித உறை டாஷ்போட்டில் கிடக்கிறது,
மற்றப் பக்கமும் எழுதி நிரம்பி.

விடியக் கருக்கலில், ஒற்றைக் கண்ணோடு,
ரெண்டு சோடிச் செருப்பும் போட்டுக்கொண்டு
வாழைச்சேனைக்குப் போகிறது லொறி.
ரெண்டாம் கியரில் என் முழங்கால்.